முகத்துக்குப் பின்னால்: போர்ட்ரெயிட் லென்ஸ்களின் கதை

இப்போது யார் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினாலும் ஒன்று கண்ணில் படும். மணப்பெண்ணின் முகம் பளிச்சென்று இருக்கும். மூக்குத்திக் கல்லைக்கூட எண்ணிவிடலாம். ஆனால் அவளுக்குப் பின்னால் நின்ற சித்தப்பாவும் சீரியல் செட் விளக்குகளும் கரைந்துபோய் வண்ண வட்டங்களாக மிதப்பார்கள். நம் காலத்து ஆல்பங்கள் அப்படி இல்லை. வாழைமரம், சமையல்காரர், ஓரத்தில் தூங்கும் குழந்தை, எல்லாரும் தெளிவாக இருப்பார்கள்.

இந்த மங்கல் எப்போது வந்தது, எதற்காக வந்தது? 50 மி.மீ., 85 மி.மீ., 105, 135 என்று லென்ஸ்களை அடுக்கி வைத்துக்கொண்டு, முகம் எடுக்க எது உசத்தி என்று இளைஞர்கள் வாதம் செய்கிறார்களே, அந்த எண்களுக்கு என்ன பொருள்? ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த நேரத்தில் இதைக் கொஞ்சம் தேடிப் படித்தேன். அதன் வரலாறு 180 வருடத்துக்கு மேல் நீள்கிறது. படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். கணக்கு கொஞ்சம் வரும், பயப்பட வேண்டாம். கூட்டல் வகுத்தல் போதும்.

வியன்னாவில் ஒரு கணிதப் பேராசிரியர்

1839 ஆகஸ்டில் பாரிஸ் நகரில் டாகெரின் புகைப்பட முறை உலகத்துக்கு வெளியிடப்பட்டது. அன்றைய கேமராக்களில் இருந்த லென்ஸ் மிகக் குறைவான வெளிச்சத்தையே உள்ளே விட்டது. கட்டடங்களைப் படம் எடுக்க அது போதும், கட்டடம் அசையாது. மனிதர்கள் அசைவார்கள். வெயிலில் நிமிடக் கணக்கில் கண்ணைக்கூட இமைக்காமல் உட்கார வேண்டியிருந்தது. தலை ஆடாமல் இருக்க, நாற்காலிக்குப் பின்னால் இரும்புக் கவை வைத்துப் பிடித்தார்கள். அந்தக் காலத்துப் படங்களில் எல்லாரும் ஏன் அவ்வளவு கடுகடுப்பாக இருக்கிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வியன்னா பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜோசப் பெட்ஸ்வால் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். அதுவரை லென்ஸ் செய்பவர்கள் கண்ணாடியைத் தேய்த்துப் பார்த்து, மறுபடி தேய்த்துப் பார்த்து அனுபவத்தால் செய்தார்கள். இவர் காகிதத்தில் கணக்குப் போட்டே ஒரு லென்ஸை வடிவமைத்தார். கணக்கு மலைபோல இருந்ததால் ஆஸ்திரிய ராணுவத்தின் பீரங்கிப் பிரிவிலிருந்து கணக்குத் தெரிந்த சிலரை அவருக்கு உதவியாக அனுப்பினார்களாம். 1840-ல் லென்ஸ் தயாரானது. ஃபோக்ட்லெண்டர் நிறுவனம் அதைச் செய்து விற்றது.

பழைய லென்ஸின் எஃப் எண் 16-ஐ ஒட்டி இருந்தது. பெட்ஸ்வாலுடையது 3.6. இந்த எஃப் எண் என்பது வேறொன்றும் இல்லை. லென்ஸின் குவியத் தூரத்தை அதன் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவதுதான். எண் சின்னதாக ஆக, துளை பெரிதாகும். 16-லிருந்து 3.6-க்கு வந்ததில் ஏறக்குறைய 20 மடங்கு வெளிச்சம் கூடியது. நிமிடங்கள் நொடிகளாகக் குறைந்தன. முகம் எடுப்பது ஒரு தொழிலாயிற்று. ஊருக்கு ஊர் ஸ்டூடியோ வந்தது.

துளை பெரிதானதோடு இன்னொன்றும் சேர்ந்து வந்தது. முகம் தெளிவாக இருக்க, பின்னணி மங்கியது. படத்தின் ஓரங்கள் லேசாகச் சுழல்வதுபோலத் தெரிந்தன. பெட்ஸ்வால் இதைத் தேடவில்லை. அவர் தேடியது வெளிச்சம். மங்கல், கேட்காமல் வந்த விருந்தாளி. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் முடிந்த ஒரு வாழ்க்கை

அந்த விருந்தாளியை முதலில் மனமுவந்து உபசரித்தவர்களில் ஒருவர் ஒரு பெண்மணி. ஜூலியா மார்கரெட் கேமரன். கல்கத்தாவில் பிறந்தவர். (பெயரிலேயே கேமரா இருப்பதுபோலத் தோன்றுவது தற்செயல்தான்.) 1863 டிசம்பரில், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கேமராவில் தொடங்கினார். முதலில் பெட்ஸ்வால் வகையைச் சேர்ந்த ஒரு பிரெஞ்சு லென்ஸ். பிறகு 30 அங்குலக் குவியத் தூரம் கொண்ட டால்மேயர் லென்ஸ். 30 அங்குலம் என்றால் 762 மி.மீ.! அதன் எஃப் எண் 8. வகுத்துப் பாருங்கள், துளை ஏறக்குறைய 95 மி.மீ. ஒரு கிண்ணத்தின் வாய் அகலம்.

அவர் எடுத்த முகங்களில் கண் தெளிவாக இருக்கும், காது மங்கிவிடும். சில படங்களில் கண்ணே லேசாக மங்கியிருக்கும். ஃபோகஸ் செய்யத் தெரியாத அம்மாள் என்று அன்றைய விமரிசகர்கள் கேலி செய்தார்கள். அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திவிடுவேன், அதற்குமேல் திருகமாட்டேன் என்கிற பொருளில் அவர் பதில் எழுதிவைத்தார். இன்று லண்டன் அருங்காட்சியகங்களில் இருப்பவை அந்த அம்மாளின் படங்கள். கேலி செய்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

1875-ல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். அவர்களுக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879-ல் அங்கேயே இறந்தார். பொகவந்தலாவையில் அடக்கம். இலங்கையில் அவர் எடுத்த படங்களில் சில மட்டும் மிஞ்சியிருக்கின்றன. உள்ளூர் மக்கள், தோட்டத் தொழிலாளர்கள். இங்கிலாந்தில் அவர் எடுத்த முகங்களுக்கு டென்னிசன், டார்வின், ஹெர்ஷல் என்று பெயர் உண்டு. இந்த இலங்கை முகங்களில் பலவற்றுக்குப் பெயர் குறிக்கப்படவில்லை. இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கைக்குள் வந்த கேமரா

1925-ல் ஜெர்மனியின் லைக்கா கேமரா வந்தது. சினிமா பிலிமில், 24-க்கு 36 மி.மீ. அளவில் படம். லென்ஸ் 50 மி.மீ., எஃப் எண் 3.5. துளை 14 மி.மீ.தான். எஃப் எண் பெட்ஸ்வாலுடையது போலவே இருந்தாலும் துளை மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. பின்னணி மறுபடியும் படத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. தெருவையும் சந்தையையும் எடுத்தவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஸ்டூடியோக்காரர்களுக்கு முகம் கொஞ்சம் சப்பென்று இருந்தது.

ஆகவே 1930-களில் முகத்துக்கென்று தனி லென்ஸ்கள் செய்தார்கள். சைஸ் நிறுவனத்தின் சோன்னார் 85 மி.மீ., எஃப்/2. வகுத்தால் துளை 42.5. லைக்காவின் தம்பார் 90 மி.மீ., எஃப்/2.2. துளை 41. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜப்பானின் நிக்கான் செய்த 85 மி.மீ., எஃப்/2. அதுவும் 42.5. 'லைஃப்' பத்திரிகையின் டேவிட் டக்ளஸ் டங்கன் 1950-ல் டோக்கியோவில் இருந்தபோது, ஜுன் மிக்கி என்ற இளம் ஜப்பானியப் புகைப்படக்காரர் இந்த லென்ஸால் அவரை ஒரு படம் எடுத்துக் காட்டினார். டங்கன் அசந்துபோய்த் தொழிற்சாலைக்கே போய்ப் பார்த்தார். சில நாட்களில் கொரியப் போர் தொடங்கியது. தம்முடைய ஜெர்மன் கேமராவில் ஜப்பானிய லென்ஸை மாட்டிக்கொண்டு போர்க்களம் போனார். ஜப்பானிய லென்ஸ்களை உலகம் திரும்பிப் பார்த்தது அதன் பிறகுதான்.

அடுத்து 1954-ல் நிக்கானின் 105 மி.மீ., எஃப்/2.5. துளை 42. இப்போது 1840-க்குத் திரும்புங்கள். பெட்ஸ்வாலின் லென்ஸ் சுமார் 150 மி.மீ., எஃப்/3.6. துளை 41, 42.

எனக்கு இது வியப்பாக இருந்தது. நூறு வருட இடைவெளி. நாடு வேறு, கண்ணாடி வேறு, தகடு போய் பிலிம் வந்துவிட்டது. ஆனாலும் முகம் எடுக்கும் லென்ஸின் துளை ஓர் எலுமிச்சம்பழத்தின் அகலத்திலேயே வந்து நிற்கிறது. யாரும் கூடிப்பேசி முடிவு செய்ததல்ல. கையில் தூக்கக்கூடிய எடை, செய்யக்கூடிய விலை, வேண்டிய வெளிச்சம் எல்லாம் சேர்ந்து அங்கே கொண்டுவந்து விட்டிருக்கின்றன.

எந்த லென்ஸ் என்ன செய்யும்?

துளையின் அகலத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. முகத்துக்கு வெகு தூரம் பின்னால் ஒரு சின்ன விளக்கு எரிகிறது. அது படத்தில் ஒரு வட்டமாக விரியும். அந்த வட்டத்தை முகத்தோடு ஒப்பிட்டால், அது லென்ஸ் துளையின் அளவே இருக்கும். துளை 42 மி.மீ. என்றால், முகத்தின் பக்கத்தில் 42 மி.மீ. தட்டு ஒன்றைப் பிடித்ததுபோல விளக்கு தெரியும். கேமரா பெரிதா சிறிதா என்பது பொருட்டல்ல. 50 மி.மீ. எஃப்/2 என்றால் 25 மி.மீ. வட்டம். 135 மி.மீ. எஃப்/2.8 என்றால் 48. 200 மி.மீ. எஃப்/4 என்றால் 50.

அப்படியானால் குவியத் தூரம் எதற்கு? அது நாம் எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. தலையும் தோளும், அதாவது சுமார் 60 செ.மீ. உயரம், பிலிம் சட்டத்தை நிரப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 35 மி.மீ. லென்ஸோடு சுமார் 60 செ.மீ. தூரத்தில் நிற்க வேண்டும். 50-க்கு 90 செ.மீ. 85-க்கு ஒன்றரை மீட்டர். 105-க்கு 1.85 மீட்டர். 135-க்கு 2.4 மீட்டர். 200-க்கு மூன்றரை மீட்டர்.

மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே 12 செ.மீ. என்று கொள்ளுங்கள். 35 மி.மீ. லென்ஸோடு நெருங்கி நின்றால், காதோடு ஒப்பிடும்போது மூக்கு கிட்டத்தட்ட 20 சதவீதம் பெரிதாக விழும். 50-ல் சுமார் 14 சதவீதம். 85-ல் 8. 105-ல் ஆறரை. 200-ல் மூன்றரைக்குக் கீழே. போன் கேமராவைக் கைநீட்டித் தன்னைத்தானே எடுத்துக்கொள்கிறவர்கள் 'என் மூக்கு இப்படியா இருக்கு?' என்று கவலைப்படுவது இதனால்தான். மூக்கில் குற்றமில்லை, தூரத்தில்தான். 200-ல் மூக்கு அடங்கிவிடும், ஆனால் முகம் தட்டையாகிவிடும். பேச்சுக் கொடுத்துச் சிரிக்க வைக்கவும் தூரம் அதிகம். திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது எதிராளி எவ்வளவு தூரத்தில் இருப்பாரோ, அந்த ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தூரத்தில் பார்க்கும் முகம்தான் நம் கண்ணுக்குப் பழகிய முகம். 85-ம் 105-ம் நிற்கச் சொல்லும் இடம் அதுதான். இவ்விரண்டும் பேர் வாங்கியதற்கு மங்கலைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

பலர் நினைப்பதற்கு மாறான இரண்டு விஷயங்கள். ஒன்று: முகத்தை ஒரே அளவில் நிரப்பி, ஒரே எஃப் எண்ணில் எடுத்தால், தெளிவாக இருக்கும் ஆழம் எல்லா லென்ஸுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மேலே சொன்ன அளவில் எஃப்/2.8-க்கு அது சுமார் 5 செ.மீ. 50 ஆனாலும் 200 ஆனாலும் கண்ணும் மூக்கும் தெளிந்து காது மங்குவது அதே மாதிரிதான். மாறுவது தூரத்துப் பின்னணி மட்டுமே. நீண்ட லென்ஸ் அதன் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துப் பெரிதாக்கிக் கரைக்கிறது.

இரண்டு: முகத்துக்கு ஒரு மீட்டர் பின்னால் சுவர் இருந்தால், 50 மி.மீ. எஃப்/2 அதை, 200 மி.மீ. எஃப்/4-ஐவிடக் கொஞ்சம் அதிகமாகவே மங்கச் செய்யும். பின்னணி 20 மீட்டர் தள்ளி இருந்தால் 200 ஜெயித்துவிடும். ஆக, பின்னணி மங்க வேண்டுமானால் விலையுயர்ந்த லென்ஸ் வாங்குவதற்கு முன்னால், ஆளைச் சுவரிலிருந்து நாலு அடி முன்னால் வரச்சொல்லுங்கள். செலவில்லாத வைத்தியம்.

பொக்கே என்று ஒரு சொல்

இந்த மங்கலுக்கு ஆங்கிலத்தில் நெடுங்காலம் தனிப்பெயரே இல்லை. ஜப்பானியரிடம் இருந்தது: 'பொக்கே'. 1997-ல் ஓர் அமெரிக்கப் புகைப்படப் பத்திரிகை அதை எடுத்து எழுதியது. உலகம் முழுவதும் ஒட்டிக்கொண்டது. மங்கல் எவ்வளவு என்பதை அது சொல்வதில்லை. மங்கல் எப்படி இருக்கிறது, வட்டத்தின் ஓரம் கத்திபோல் வெட்டுகிறதா, பஞ்சுபோல் கரைகிறதா என்பதையே சொல்கிறது. அந்த மென்மைக்காகவே 1999-ல் மினோல்டா நிறுவனம் 135 மி.மீ. லென்ஸ் ஒன்றைத் தனியாகச் செய்தது.

ஒரு சுவையான செய்தி: ஜப்பானிய மொழியில் வயதானவர்களின் ஞாபக மறதிக்கும் பேச்சு வழக்கில் இதே 'பொக்கே'தான். நம் வயதுக்காரர்களுக்குப் பொருத்தமான சொல். அண்மையில் நடந்தது மங்கி, ஐம்பது வருடத்துக்கு முன்னால் பார்த்த முகம் மட்டும் பளிச்சென்று தெரிகிறதே!

மங்கியது பின்னணி மட்டுமா?

105 மி.மீ. எஃப்/2.5 லென்ஸை உலகமே அறிந்த படம் ஒன்று உண்டு. 1984-ல் பெஷாவர் அருகே நாசிர் பாக் அகதி முகாமில், கூடாரப் பள்ளிக்கூடத்தில், ஸ்டீவ் மக்கரி எடுத்த ஆப்கன் சிறுமியின் படம். 1985 ஜூன் மாத 'நேஷனல் ஜியாகிரஃபிக்' அட்டையில் வந்தது. சிவப்புத் துணி, பச்சைக் கண்கள், பின்னால் அதே பச்சையில் ஒரு மங்கல். அந்த மங்கலில் இருந்தது ஒரு பள்ளிக்கூடம். கரும்பலகையும் கூட இருந்த பிள்ளைகளும் படத்தில் இல்லை. கண்ணை மட்டும் உலகம் பார்த்தது. அவர் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது 2002-ல், தேடிக் கண்டுபிடித்த பிறகுதான். 17 வருடம் பெயரில்லாத முகம். கேமரன் அம்மையாரின் இலங்கை முகங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

படத்தைக் குறை சொல்லவில்லை. மகத்தான படம். ஆனால் பின்னணி என்பது குப்பையல்ல. ஒருவர் யார், எந்த ஊர், எந்தக் காலம் என்பதெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கிறது.

எங்கள் வீட்டில் என் அம்மாவின் படங்கள் இரண்டு உண்டு. ஒன்று ஸ்டூடியோவில் எடுத்தது. அழகான முகம், பின்னால் திரையில் வரைந்த தூணும் படிக்கட்டும். மற்றது பழைய பெட்டிக் கேமராவில் மாமா எடுத்தது. அந்தக் கேமராவின் துளை ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. அதனால் எல்லாமே ஓரளவு தெளிவு. கிணற்றடி, ராட்டினம், துவைக்கிற கல், கொடியில் காயும் அப்பாவின் வேட்டி, ஓரத்தில் துளசி மாடம். அம்மாவின் முகம் அதில் கட்டைவிரல் நகத்தளவுதான். அம்மாவும் இல்லை, அந்த வீடும் இல்லை, கிணற்றைத் தூர்த்து மேலே கட்டடம் எழும்பிவிட்டது. பிள்ளைகள் கேட்டால் நான் எடுத்துக் காட்டுவது இரண்டாவது படத்தைத்தான். எண்பத்தைந்து மி.மீ. லென்ஸில் எடுத்திருந்தால் அந்த வீடு ஒரு பச்சை மங்கலாகப் போயிருக்கும்.

இப்போது போன்களே இந்த வேலையைச் செய்கின்றன. போன் லென்ஸின் துளை சில மில்லிமீட்டர்தான். அதனால் இயல்பாக மங்கல் வராது. 2016-ல் ஆப்பிள் இரண்டு லென்ஸ் போனில் 'போர்ட்ரெயிட்' வசதியைக் கொண்டுவந்தது. ஆள் எது, பின்னணி எது என்று கணக்குப்போட்டுப் பின்னணியை அழித்துவிடும். முடிக்கற்றையையும் மூக்குக்கண்ணாடிக் காம்பையும் சில நேரம் சேர்த்து அழித்துவிடும். பெட்ஸ்வால் வெளிச்சத்துக்காகக் கணக்குப் போட்டார், மங்கல் கூட வந்தது. இன்று வெளிச்சம் தாராளமாக இருக்கிறது, மங்கலுக்காகவே கணக்குப் போடுகிறார்கள். கேட்காமல் வந்த விருந்தாளி வீட்டுக்காரராகிவிட்டார்.

ஆகவே, உங்கள் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ கேமராவோடு வந்தால் ஒன்று சொல்லுங்கள். 85-லோ 105-லோ முகத்தை அழகாக ஒன்று எடுக்கட்டும். நாளைக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்ட அது வேண்டும். பிறகு 35-ஐ மாட்டி, எஃப் எண்ணை 8-க்கோ 11-க்கோ கொண்டுபோய், நாலடி பின்வாங்கி, நீங்கள் உட்காரும் நாற்காலி, பக்கத்து அலமாரி, சுவர்க் கடிகாரம், ஜன்னலுக்கு வெளியே தெரியும் முருங்கைமரம் எல்லாம் தெரிகிற மாதிரி இன்னொன்று எடுக்கட்டும். போன்தான் இருக்கிறதென்றால் அந்த 'போர்ட்ரெயிட்' பொத்தானை அணைத்துவிட்டு எடுத்தாலே போதும். எடுத்ததன் பின்பக்கத்தில் பெயர், ஊர், வருடம் மூன்றையும் எழுதிவையுங்கள்.